கக்கூஸ் அடுப்பு

சட்டைப்பையில் ஒரு பக்கம் சர்க்கரை மாத்திரையும் மறுபக்கம் முழங்கால் தைலமும் வைத்துக்கொண்டு நடமாடுகிற என் வயசுக்காரர்களுக்காக மட்டும் இதை எழுதுகிறேன். இளையவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் படிக்க வேண்டாம். சாப்பிட்ட பிறகு படிக்கவே வேண்டாம்.

போன வாரம் பேத்தியின் அறிவியல் புத்தகம் கைக்குக் கிடைத்தது. ஆற்றல், திறன், மின்சாரம் என்று ஒரு பாடம். நடுவே சாண எரிவாயுக் கலனின் படம். ஒரு பக்கம் மாடு நின்று சிரிக்கிறது. அதன் பின்னாலிருந்து ஒரு பச்சைக் குழாய் புறப்பட்டுத் தொட்டிக்குப் போகிறது. தொட்டியிலிருந்து ஒரு நீலக் குழாய் அடுப்புக்குப் போகிறது. அடுப்பருகே பூ வைத்த ஒரு பெண்மணி. அவளும் சிரிக்கிறாள். படம் முழுக்கத் தேடிவிட்டேன், ஒரு ஈகூட இல்லை. ஈ இல்லாமல் சாணித் தொட்டி வரைந்தவன் எந்த லோகத்தில் மாடு பார்த்தானோ.

“இது நாறுமா தாத்தா?” என்று பேத்தி கேட்டாள்.

“புஸ்தகத்துல நாறாதும்மா.”

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உமட்டிக்கொண்டு வந்துவிட்டது. பித்தம் என்று நினைத்து மருமகள் இஞ்சி தட்டப் போனாள். பித்தமில்லை, ஞாபகம். அதற்கு இஞ்சி கேட்காது.

அப்போது பெரம்பலூர், அரியலூர் எல்லாமே திருச்சி ஜில்லா. இரண்டு ஊருக்கும் நடுவே, பஸ் நின்றால்தான் இருப்பதே தெரிகிற ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அப்பா அரியலூரில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். நான் அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு. வாத்தியார் மகனாக இருப்பதில் ஒரு சௌகரியமும் கிடையாது. மற்ற பையன்கள் அவரிடம் பள்ளி நேரத்தில் மட்டும்தான் அடி வாங்கினார்கள்.

அம்மாவுக்கு இளைப்பு. ஐப்பசி மழை பிடித்ததும் விறகெல்லாம் நனைந்துவிடும். எங்கள் பக்கம் அடுப்புக்குப் பருத்திமார்தான். பருத்தி எடுத்த பின் பிடுங்கிக் காய வைக்கிற செடி. காய்ந்தால் படபடவென்று எரியும். நனைந்தால் எரியாது, புகையும். சன்னல் இல்லாத அடுப்படியில் அம்மா ஊதாங்குழலை வாயில் வைத்து ஊதுவாள். ஒரு ஊது, நாலு இருமல். சோறு கொதிப்பதற்கு முன்னால் அம்மா கொதித்துவிடுவாள். மாலையில் அவள் நெஞ்சுக்குள்ளிருந்து பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். நிஜமாகவே பூனைக்குட்டி விழுங்கிவிட்டாளோ என்று நான் கொஞ்ச காலம் சந்தேகப்பட்டது உண்டு. என் அறிவின் அளவு அவ்வளவுதான்.

பெரம்பலூர் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம், “சார், மருந்து நான் தரேன். ஆனா பொகையிலயே சமைச்சாங்கன்னா அடுத்த மார்கழிய அவங்க பாக்க மாட்டாங்க” என்றார். அப்பாவிடம் சொன்னதாகத்தான் அவர் நினைத்தார். அம்மாவுக்கும் எனக்கும் காது இருக்கிறது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா சிறுவாச்சூர் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு தடவை கும்பிட்டாள். பிறகு, “நாளைக்கு என்ன கொழம்பு வைக்கிறது?” என்று கேட்டாள்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வகுப்பில் அவர் ஒரு சிங்கம். பாடத்தை வாயால் நடத்த மாட்டார், பையன்களின் உடம்பால் நடத்துவார். ‘திறன்’ பாடம் வந்தால் எங்களை எடை போட்டு, மாடிப்படியில் ஓடவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, யார் எத்தனை குதிரைத் திறன் என்று பலகையில் எழுதுவார். பெரிய வகுப்புப் பையன் ஒருவன் அரைக் குதிரைக்கும் மேலே வந்தான். மாதிரி காட்டுவதற்கு என்னையும் ஓடச் சொன்னார். நான் பாதிப்படியில் மூச்சு வாங்கி நின்று டிராயரை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி ஏறினேன். “இது குதிரையில சேராது. குதிரையோட வால்ல ஒரு பகுதி” என்று எழுதிப் போட்டார். அன்றிலிருந்து பள்ளியில் என் பெயர் வால்.

வீட்டிலும் பாடம்தான். ஒருநாள் அம்மா இடுப்பில் குடத்தோடு வாசலில் நின்றபடி அப்பாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இப்ப நீ செய்யறது வேலையே இல்ல, தெரியுமா?” என்றார் அப்பா. “சுமை நகரணும். நகராம நின்னா அறிவியல்படி வேலை சுழி.”

அம்மா குடத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். “அப்ப நீங்க சும்மாத்தானே இருக்கீங்க. இதைப் புடிச்சிக்கிட்டுச் சும்மா நில்லுங்க. நான் போயி ஒலை வைக்கிறேன்.”

சோறு வடிக்கிறவரை அப்பா நின்றார். கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தார். ஆனால் இறக்கி வைக்கவில்லை. அறிவியல் தோற்றுவிடும் அல்லவா.

டாக்டர் சொன்னதைக் கேட்ட மறுவாரமே அப்பா சாண எரிவாயுக் கலன் கட்டுவதென்று முடிவு செய்தார். கொல்லையில் கிணறு மாதிரி ஒரு குழி. அதன்மேல் கவிழ்த்த இரும்பு டிரம். சாணிக்கரைசல் குழிக்குள் புளித்து வாயு விட, டிரம் மெல்ல மேலே எழும். வாயு செலவானால் இறங்கும். கொத்தனார் குழிக்குள் நின்றுகொண்டு, “எதுக்கு சார் கெணத்துக்குத் தொப்பி?” என்று கேட்டார். அப்பா அவருக்கும் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். கொத்தனார் தலையை ஆட்டிவிட்டு, “கெணத்துக்குத் தொப்பிதான்” என்றார்.

கரைக்கிற வேலை எனக்கும் அப்பாவுக்கும். இதை நான் நாசூக்காகச் சொல்லப் போவதில்லை. சாணியைத் தண்ணீர் விட்டுக் கையால் பிசைய வேண்டும். வைக்கோல் துரும்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது, விரலை விட்டுத் துழாவி எடுக்க வேண்டும். பழைய சாணிக்குள் வெள்ளை வெள்ளையாகப் புழு இருக்கும். விரலிடுக்கில் நெளியும். சில புழு கொழுத்து, சோற்றுப் பருக்கை அளவு இருக்கும். மதியம் சோற்றில் கை வைத்தால் பருக்கை நெளிவது போல் தெரியும். நகக்கண்ணில் பச்சை. வேப்பிலை தேய்த்தாலும் சீயக்காய் தேய்த்தாலும் போகாது. வகுப்பில் பக்கத்துப் பையன் பெஞ்சின் விளிம்புக்கே போய்விட்டான். காற்றோட்டமாக உட்கார்ந்து படித்த ஒரே மாணவன் அந்தப் பள்ளியில் நான்தான்.

கார்த்திகை பிறக்கும்போது டிரம் எழும்பியது. அப்பா அடுப்பைத் திருகித் தீக்குச்சி கிழித்தார். முதலில் அழுகின முட்டை நாற்றம். அப்புறம் பொசுக்கென்று ஒரு நீலச் சுவாலை. சத்தமில்லை, புகையில்லை. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றிருந்தவள், தலைப்பை எடுத்துவிட்டு மெதுவாக மூச்சை உள்ளே இழுத்தாள். இருமல் வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

அடுத்த வீடு பெரியப்பா வீடு. அப்பாவுக்கு அண்ணன், பங்காளிகளுக்கெல்லாம் பெரிய தலை. அவர் வந்து சுவாலையைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“டேய் தம்பி, கோமாதா வவுத்துலேருந்து வர்ற நெருப்புடா இது. லட்சுமி.”

கற்பூரம் வரவழைத்து அந்த நெருப்பிலேயே ஏற்றி அடுப்புக்குக் காட்டினார். பெரியம்மா அடுப்பின் நெற்றியில் மஞ்சள் பொட்டு வைத்தாள். குழியைச் சுற்றி ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் சேர்த்துக் கும்பிட்டார்கள்.

ஆனால் லட்சுமிக்குத் தெம்பில்லை. எங்களுக்கு இருந்தது ஒரு பசுவும் ஒரு கன்றும். மார்கழிப் பனி விழுந்ததும் குழி குளிர்ந்துபோய்ப் புளிப்பதே நின்றுவிட்டது போலிருந்தது. சுவாலை பூனை நாக்கு அளவுக்குச் சுருங்கியது. காலையில் வைத்த உலை பள்ளிக்கூட பஸ் போன பிறகு கொதிக்கும்.

அப்பா அடுப்பு முன்னால் குந்திக்கொண்டு விளக்கினார். “பாரு, மொத்த வாயுவுல இருக்கறது ஆற்றல். அது எவ்வளவு வேகமா வெளிய வருதுங்கறதுதான் திறன். சாயங்காலம் வரைக்கும் வுட்டா இதே வாயுவுல சோறு வெந்துடும். ஆற்றல் இருக்கு. திறன்தான் பத்தல.”

“பள்ளிக்கூடம் போற புள்ளைக்குச் சாயங்காலமா சோறு கட்டுவாங்க?” என்றாள் அம்மா. அன்றைக்குக் காலையில் பாதிச் சோற்றுக்கு மேல் பருத்திமாரில்தான் ஆக்கியிருந்தாள். பூனைக்குட்டி திரும்பி வந்திருந்தது.

டிரம்மின்மேல் பாரம் ஏற்றினால் வாயு அழுந்தி வேகமாக வரும் என்று அப்பா கண்டுபிடித்தார். ஓடைக்கரையில் கிளிஞ்சல் பதிந்த கல்லும் ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட கல்லும் எங்கள் பக்கம் கேட்பாரற்றுக் கிடக்கும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம். அந்தக் கடலையே தூக்கி வந்து டிரம்மின்மேல் அடுக்கினோம். சுவாலை நிமிர்ந்தது. ஆனால் டிரம் சீக்கிரமே தரையைத் தட்டியது. வேகமாகச் செலவழித்தால் வேகமாகத் தீரும் என்ற உண்மை இதற்குள் இருக்கிறது. எனக்கு அது சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகுதான் முழுதாக விளங்கியது.

அப்புறம்தான் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. கொல்லை மூலையில் ஒரு கக்கூஸ் கட்டி, அதன் குழாயை நேரே குழிக்குள் விட்டுவிடுவது.

எங்கள் ஊரில் அப்போது யார் வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. ஆண்களுக்கு ஏரிக்கரை, பெண்களுக்கு விடியுமுன் வேலிக்காத்தான் புதர். அப்பா படம் வரைந்து காட்டினார். அம்மா நெடுநேரம் அந்தப் படத்தையே பார்த்தாள். முகம் சுளித்தது. வாயைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். அப்புறம் தலைப்புக்குள்ளிருந்தே கேட்டாள்:

“நெருப்பு நிமிந்து எரியுமா?”

“எரியும்.”

“பொகை வராதே?”

“சுத்தமா வராது.”

“அப்பப் போடுங்க.”

குழாய் இணைந்தது. வீட்டில் மூன்றே பேர். மூன்று பேரின் உற்பத்தி போதவில்லை. அப்போதுதான் அப்பா, உலகத்தில் வேறெந்த வாத்தியாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு இலவச டியூஷன் படிக்க உள்ளூர்ப் பெரிய வகுப்புப் பையன்கள் வருவார்கள். பாடம் முடிந்ததும் அவர்களை வரிசையாக நிறுத்திவிடுவார்.

“ஏரிக்கரைக்குப் போறவன்லாம் இங்கயே போயிட்டுப் போ. வெக்கப்படாத. நாட்டோட எரிபொருளை ஏரியில வீணாக்காத.”

அவர்களும் போனார்கள். வாத்தியார் சொன்னால் போகத்தானே வேண்டும். குருதட்சிணையை இவ்வளவு நேரடியாக வாங்கியவர் துரோணருக்குப் பிறகு எங்கள் அப்பாதான். தட்சிணை வாளியில் தண்ணீர் மொண்டு வைப்பது என் பொறுப்பு. உள்ளே போனவன் வெளியே வருகிறவரை நான் வாசலில் நிற்க வேண்டும். உள்ளேயிருந்து வருகிற சத்தங்களை வைத்து அன்றைக்கு யார் வீட்டில் மொச்சைக் குழம்பு என்று சொல்கிற அளவுக்குத் தேறினேன். வேறெந்தப் பாடத்திலும் நான் அவ்வளவு தேறவில்லை.

சுவாலை நிமிர்ந்துவிட்டது. அம்மா பருத்திமாரைத் தொடவே இல்லை. மார்கழிக் கடைசியில் அவள் அடுப்படியில் எதையோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டது. அம்மாவுக்குப் பாட வரும் என்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீல நெருப்பைப் பார்ப்பேன், பானையைப் பார்ப்பேன், டியூஷன் பையன்களின் முகம் ஒவ்வொன்றாகத் தெரியும். ஒரு நாள் சாப்பிடும்போது அப்பா உற்சாகமாக ஆரம்பித்தார். “வெயில் நெல்லாவுது, நெல்லு சோறாவுது, சோத்தைத் திங்கறோம், மிச்சம் வாயுவாவுது, வாயு மறுபடி சோறாக்குது. எங்கயும் ஒண்ணும் அழியறதில்ல.”

“அப்ப இது அந்தச் சோறேதானா?” என்று கேட்டேன்.

“சாப்பிடறப்ப ரெண்டு பேரும் வாய மூடுங்க” என்றாள் அம்மா.

நான் மூடினேன். சோறும் உள்ளே போகவில்லை.

டியூஷன் பையன்களுக்கு வாய் இருக்கிறது என்பதை அப்பா கணக்கில் எடுக்கவில்லை. ஊரில் எங்கள் அடுப்புக்குக் கக்கூஸ் அடுப்பு என்று பெயர் விழுந்தது. பள்ளியில் என் சோற்றுத் தூக்கைத் திறந்தால் சுற்றிலும் இடம் காலியாகிவிடும். “வாலு, இன்னிக்கு யாரு புண்ணியத்துல வெந்துச்சு?” என்று பெரிய வகுப்பு அரைக்குதிரை கேட்டான். அவன் புண்ணியமும் அதில் இருந்தது. சொன்னால் உதைப்பான் என்று சொல்லவில்லை.

பொங்கல் கழிந்ததும் பெரியப்பா வந்தார். அப்போதுதான் ஏரியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு நேரே வந்திருந்தார். அந்த ஏரியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு கரையில் ஊர் மொத்தமும் குந்தியிருக்கும். மழை பெய்தால் எல்லாமே உள்ளே வரும். மறுகரையில் பெரியப்பா அதே தண்ணீரை வாயில் அள்ளிக் கொப்புளித்து, சூரியனுக்கு இரண்டு கையால் விடுவார். அந்த ஏரிக் கெண்டை கிடைத்தால் தலையைக்கூட விட மாட்டார். அந்த வாயால் சொன்னார்:

“தை அமாவாசை வருது. இந்த வருசம் அப்பாவுக்குப் படையல் உன் மொறை. பீ நெருப்புல பொங்கின சோத்தை எங்கப்பனுக்கு வைப்பியாடா? அந்தக் கொழாய அடை. மாட்டோட சாணி மட்டும் இருக்கட்டும், அது தெய்வம். அடைக்கலன்னா நானே ஆளு வச்சு டிரம்மத் தூக்கிப் போட்டுருவேன். அப்பறம் நீ பங்காளியும் இல்ல, இது படையல் போடற வூடும் இல்ல.”

வகுப்பில் சிங்கம் என்று சொன்னேனே, அந்தச் சிங்கத்தை நான் பார்த்தேன். அது துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டது.

“சரிண்ணே. அடைச்சிடறேண்ணே.”

வாயு எங்கிருந்து வந்தாலும் வாயுதான் என்று எங்களுக்கெல்லாம் பிரம்பை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுத்த வாய் அது. சாணிப் புழுவைக் கையில் எடுத்தபோது வராத அருவருப்பு அப்போது எனக்கு வந்தது. பெரியப்பா போன பிறகு அப்பா அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், “படையல் முடியற வரைக்கும் கொஞ்ச நாளு பருத்திமாருல ஓட்டிக்க. அப்பறம் பாத்துக்கலாம்” என்றார்.

“அப்பறம் யாரு பாப்பாங்க? நீங்களா?” என்றாள் அம்மா.

அப்பா கொல்லைப் பக்கம் போய்விட்டார். அங்கே கொஞ்சநேரம் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடைக்கவும் இல்லை, அடைக்க மாட்டேன் என்று அண்ணனிடம் போய்ச் சொல்லவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் உண்டு. அப்பா ஆயுசு முழுக்க அங்கேதான் குடியிருந்தார். வாடகை அம்மா கொடுத்தாள்.

சாயங்காலம் அம்மா அவரிடம் சொன்னாள். “நீங்க அடைச்சதா சொன்னது சொன்னதா இருக்கட்டும். கொழாய் இருக்கறபடி இருக்கட்டும். மத்தது என் பாடு.” அப்பா நிம்மதியாகச் சாப்பிட்டார். குழாய் அடைத்தாகிவிட்டது என்று பெரியப்பா ஊரெல்லாம் சொன்னார்.

படையலன்று வடை, பாயசம், பொங்கல், பங்காளிகளுக்குச் சாப்பாடு. அதற்கு நிறைய வாயு வேண்டும். மூன்று நாள் முன்கூட்டியே நாங்கள் அடுப்பை மூட்டாமல் பழையதும் வாழைப்பழமும் தின்று டிரம்மை நிரம்பவிட்டோம். வயிறு காயக் காய டிரம் உப்பியது. அமாவாசை காலையில் அது கழுத்தளவுக்கு எழும்பி நின்றது.

பெரிய பானை வைத்ததும் சுவாலை மறுபடி சோர்ந்தது. பங்காளிகள் கூடத்தில் உட்கார்ந்தாகிவிட்டது. பெரியப்பா இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் நிமிரணும்” என்றாள். கல் எல்லாம் ஏற்கெனவே மேலே. அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். கண் என்மேல் நின்றது.

“ஏறுடா.”

ஏறினேன். என் வாழ்க்கையில் என் எடை ஒருவருக்குப் பயன்பட்டது அன்று மட்டும்தான். கடல் கல்லுக்கு நடுவே குந்தி உட்கார்ந்தேன். எனக்குக் கீழே டிரம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து வடை எண்ணெயில் விழும் சத்தம் வந்தது. டிரம்முக்கும் குழிச்சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதில் கரைசல் குமிழி குமிழியாக வெடித்தது. மேலே ஏடு. ஏட்டின்மேல் ஈ. வெயில் ஏற ஏற ஒவ்வொரு குமிழியிலிருந்தும் தனித்தனியாக ஒரு நாற்றம் வந்தது. மூக்கைப் பிடித்தால் வாய்க்குள் வந்தது. மூன்று நாளாக வாழைப்பழம் தின்ற வயிறு வேறு.

வடையை இலையில் வைக்கிறார்கள் என்று தெரிந்ததும் நான் எக்கிப் பார்த்தேன். அதுதான் தப்பு. ஒரு கல் புரண்டது. டிரம் சாய்ந்தது. என் வலது கால் இடைவெளிக்குள் தொடைவரை இறங்கிவிட்டது.

சூடு. அதுதான் முதலில் உறைத்தது. வெதுவெதுவென்று, உயிருள்ள ஏதோ ஒன்று காலைச் சப்புகிற மாதிரி. இழுத்தால் அது உள்ளே இழுத்தது. நான் கத்தவில்லை. வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்று வயிறு சொல்லிவிட்டது. அப்பா ஓடிவந்தார், குழி விளிம்புவரை வந்தவர் அங்கேயே நின்றார். அவருக்குத் தெரியும் அல்லவா, உள்ளே என்ன இருக்கிறது என்று.

பெரியப்பாவுக்குத் தெரியாது. அவர் துள்ளி வந்தார். தோள்பட்டை வரை கையை உள்ளே விட்டு என் முழங்காலைப் பிடித்து வெளியே இழுத்தார். வழித்து வழித்து எடுத்தார்.

“என்னடா பாத்துக்கிட்டு நிக்கற? வாத்தியாருக்குச் சாணி பட்டாத் தோசமா? டேய், அழுவாதடா. லட்சுமிடா இது, லட்சுமி.”

சொல்லிவிட்டு அந்த விரலால் தன் நெற்றியில் ஒரு கோடு இழுத்துக்கொண்டார். எனக்கும் இழுத்தார். வாளித் தண்ணீரில் கையை ஒரு தடவை முக்கி எடுத்தார். சோப்பு கீப்பு ஒன்றும் இல்லை. கோமாதாவைச் சோப்புப் போட்டா கழுவுவார்கள்?

என்னைக் கொல்லைக் கல்லில் உட்கார வைத்துவிட்டு அவர் உள்ளே போனார். படையல் போட்டு, விழுந்து கும்பிட்டு, சாப்பிட உட்கார்ந்தார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கூடம் தெரியும். அதே கையால் வடையைப் பிட்டுப் பாயசத்தில் தோய்த்தார். விரலை ஒவ்வொன்றாகச் சப்பினார். நெற்றிக்கோடு காய்ந்து பச்சையாக இருந்தது. “அடேயப்பா, கைப்பக்குவம்” என்று அம்மாவைப் புகழ்ந்தார். பங்காளிகளும் புகழ்ந்தார்கள். அப்பா எல்லாருக்கும் ரசம் ஊற்றினார். பெரியப்பா இலைக்கு மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டு ஊற்றினார்.

பெரியப்பா கை கழுவக் கொல்லைக்கு வந்தார். அம்மா செம்பில் தண்ணீர் ஊற்றினாள். பக்கத்தில் நான், கழுவாத காலோடு.

“மாமா” என்றாள் அம்மா. “அந்தக் கொழாய அடைக்கல.”

பெரியப்பா விரலைத் தேய்த்துக்கொண்டே, “எந்தக் கொழாய?” என்றார்.

“கக்கூஸ் கொழாய. ஒரு நாளும் அடைக்கல. இன்னிக்கு வரைக்கும் அதுலதான் போவுது.”

தேய்த்துக்கொண்டிருந்த விரல் நின்றது. அவர் தன் கையைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். கை மெதுவாக நெற்றிக்குப் போய், தொடாமல் பாதியில் நின்றது.

“என்ன புள்ள சொல்ற?”

“சத்தம் போட்டுச் சொல்றதுன்னா சொல்லுங்க மாமா. பங்காளிங்க எல்லாரும் சாப்பிட்டாச்சு. உங்கப்பாவுக்கும் வச்சாச்சு. நீங்கதான் மொத வாய் எடுத்தீங்க.” குரல் உயரவே இல்லை. சாப்பாடு போதுமா என்று கேட்கிற குரல்தான். “எனக்கு மூச்சு வேணும் மாமா. அவ்வளவுதான்.”

பெரியப்பா முருங்கை மரத்துக்குப் பின்னால் போனார். அவர் உள்ளேயிருந்து எல்லாம் வெளியே வருகிற சத்தம் கேட்டது. அதைக் கேட்டு எனக்கும் வந்துவிட்டது. மூன்று நாள் வாழைப்பழம். நாங்கள் இருவரும் மரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கொஞ்சநேரம் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். அம்மா செம்போடு காத்திருந்தாள். அவர் திரும்பி வந்ததும் முகத்துக்கு ஊற்றினாள், கைக்கு ஊற்றினாள், பிறகு சோப்பை எடுத்துக் கொடுத்தாள். அவர் தேய் தேய் என்று தேய்த்தார்.

கூடத்தில் பங்காளி ஒருவர், “என்னண்ணே, மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு?” என்று கேட்டார்.

“வடை ஒண்ணு கூடுதலாப் போச்சு” என்றார் பெரியப்பா. எல்லாரும் அவரையே பார்க்கவும், “இந்த வூட்டு அடுப்புல ஒரு கொறையும் இல்ல. யாரும் இனிமே அதப் பத்திப் பேசாதீங்க” என்றார்.

அவர் சாகிறவரை பேசவில்லை. அம்மா அதற்குப் பிறகு எத்தனையோ மார்கழி பார்த்தாள். ஒவ்வொரு மார்கழியிலும் அந்த அடுப்பில்தான் சமைத்தாள். பெரியப்பா எங்கள் வீட்டில் மட்டும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். வயிறு சரியில்லை என்பார்.

அன்றைக்குப் பங்காளிகள் கிளம்பிய பிறகு அப்பா கொல்லைக்கு வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. துண்டு மறுபடி தோளுக்கு ஏறியிருந்தது.

“பாத்தியா? கடைசில எங்கண்ணனே ஒத்துக்கிட்டாரு. நான் அன்னிக்கே எடுத்துச் சொன்னதுதான். அறிவியலை எத்தன நாளு மறைக்க முடியும்?”

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சாணி கரைக்கும் தொட்டியைத் தாண்டிப் போகும்போது அவள் முகம் எப்படிச் சுளிக்குமோ, அப்படியே சுளித்தது. என் பக்கத்தில் வந்து குந்தி, வேப்பிலையைக் கசக்கி, என் தொடையிலிருந்து கீழ்நோக்கிக் கழுவ ஆரம்பித்தாள்.